கோப்பில் கிடக்கும் உண்மை, போனில் ஓடும் பொய்

2011 ஆகஸ்டில் ஊவா மலைகளில் இருட்டிய பிறகு யாரும் தனியே வாசல் இறங்கவில்லை. லயத்துக்குப் பின்னால் இருக்கும் கக்கூசுக்குப் போவதென்றாலும் நாலு பெண்கள் சேர்ந்து, டோர்ச் அடித்துக்கொண்டு, தடியோடு ஒரு ஆம்பிளையையும் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு ஒருவன் வருகிறான், பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடுகிறான், பெண்களை நகத்தால் கீறிவிட்டு மறைகிறான் என்று பேச்சு. பத்திரிகைகள் ‘மர்ம மனிதன்’ என்று எழுதின. ஜனங்கள் கிறீஸ் பூதம் என்றார்கள்.

அந்த மாதத்தில்தான் அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பூதம் என்ற சந்தேகத்தில் இரண்டு மனிதர்களைக் கூட்டம் கூடிக் கொன்றது. அவர்கள் அந்த ஊருக்குப் புதியவர்கள். அது ஒன்றே அவர்கள் மேல் இருந்த குற்றம். பேச்சு அங்கே நிற்கவில்லை. பொத்துவில், கிண்ணியா, புத்தளம் என்று நாடு முழுக்கப் பரவியது. கிண்ணியாவில் கடற்படை முகாமை ஜனங்கள் சூழ்ந்தார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இரவோடிரவாக அடித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பேச்சு ஊருக்கு ஊர் வளர்ந்தது. புதையல் எடுக்கப் பெண்களின் இரத்தம் வேண்டுமாம், மேலிடத்தில் இருப்பவர்களின் பதவி நிலைக்கப் பலி வேண்டுமாம் என்றார்கள் சிலர். அவசரகாலச் சட்டத்தை நீக்க மனமில்லாமல் அரசாங்கமே பூதத்தை ஏவிவிட்டிருக்கிறது என்றார்கள் வேறு சிலர். ஆகஸ்ட் 25ஆம் திகதி ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ அவசரகாலச் சட்டம் நீங்குவதாகப் பாராளுமன்றத்தில் அறிவித்தபோது, அரசாங்கத்தைச் சந்தேகித்தவர்கள் அதையும் தங்கள் கதைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு சதிக்கதையின் இயல்பு இது. எதிராக வரும் எந்தச் செய்தியையும் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளும்.

அன்றைக்கு லயங்களில் பேஸ்புக் இல்லை. கைபேசி இருந்தது, பட்டன் அமுக்கும் போன். பேச்சு கோல் வழியாகவும் எஸ்எம்எஸ் வழியாகவும் வந்தது. பெரும்பாலும் வாய்வழியாகவே, காலையில் பிரட்டுக் களத்திலும் பகலில் கொழுந்து மடுவத்திலும் பதுளை பஸ்ஸிலும் பரவியது. ஆகவே, சதிக்கதைகளை இணையம்தான் பெற்றெடுத்தது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இணையம் இல்லாமலும் வதந்தி கொல்லும் என்பது ஊவாவுக்கு நன்றாகத் தெரியும். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கூட்டமொன்று புகுந்து, அரசின் காவலில் இருந்த தமிழ் இளைஞர்கள் இருபத்தேழு பேரைக் கொன்றது. அதற்கு முந்திய இரவு முழுக்க வதந்தி ஓடியது. சுவர்களில் சுவரொட்டி ஏறியது. சுவரொட்டிக்கு ஒரு வாளி பசை போதுமாக இருந்தது.

அப்படியானால் இணையம் எதை மாற்றியது? இதற்கு விடை சொல்ல ஊவாவின் கிழக்கு எல்லைக்கு அப்பால், அம்பாறைக்குப் போக வேண்டும்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு. அம்பாறை நகரில் தமிழ் பேசும் முஸ்லிம் சகோதரர்கள் நடத்தும் ஒரு சாப்பாட்டுக்கடை. சாப்பிட வந்த ஒருவர் தன் கறியில் மாவுக்கட்டி போல ஏதோ கிடப்பதைக் கண்டு கத்துகிறார். கூட்டம் சேர்கிறது. காசாளர் மேசைக்குப் பின்னால் நிற்பவருக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. சுற்றி நிற்பவர்கள் சிங்களத்தில் கேட்கிறார்கள்: மலடாக்கும் மருந்து போட்டாய்தானே? மாவுக்கட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்தார். பயத்தில் திக்கித் திணறி, தெரியாது என்பதும் போட்டோம் என்பதும் கலந்து ஏதோ சொன்னார். யாரோ அதைப் போனில் பிடித்தார்கள். அவ்வளவுதான். ‘முஸ்லிம் கடைக்காரனே ஒத்துக்கொண்டான்’ என்ற தலைப்போடு அந்தக் காட்சி நாடு முழுக்கப் போனது. அன்றிரவே கடை நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது.

ஒரு கேள்வி, விளங்காத ஒரு பதில், ஒரு கமரா. அந்தக் கடையில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் குறுக்கே நின்றிருந்தால் அன்றிரவு என்ன நடந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் அந்தக் கட்டியைப் பரிசோதித்து, அது வெறும் மாவுப்பொருள் என்று சொன்னது. சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். ஆனால் அந்தக் காட்சி வருமுன்னரே, அம்பாறையில் ஒரு முஸ்லிம் மருந்துக்கடையில் 23,000 கருத்தடை மாத்திரைகளைப் பொலிஸ் பிடித்ததாகப் பேஸ்புக்கில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அப்படி எதுவும் பிடிபடவில்லை. கதை ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. அதற்கு ஒரு முகம்தான் தேவைப்பட்டது, அம்பாறைக் காட்சி அந்த முகத்தைக் கொடுத்தது. ஒரு வாரத்துக்குள் கண்டி மாவட்டத்தில் திகனையும் தெல்தெனியவும் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை வந்தது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் தடைபட்டன.

இங்கே நம் வாசகர்களுக்கு அதிகம் தெரியாத ஒரு விவரத்தைச் சொல்ல வேண்டும். 2017 ஒக்டோபரில் பேஸ்புக் நிறுவனம் ஆறு நாடுகளில் ஒரு பரிசோதனை நடத்தியது. அதில் இலங்கையும் ஒன்று. செய்தி நிறுவனங்களின் பக்கங்களில் வரும் பதிவுகளை, காசு கட்டி விளம்பரப்படுத்தினாலன்றி, பயனாளரின் முதன்மைத் திரையிலிருந்து எடுத்து வேறொரு மூலைக்குத் தள்ளியது. முதன்மைத் திரையில் எஞ்சியவை நண்பர்களும் உறவினர்களும் போடும் பதிவுகள். மச்சான் போட்டது முன்னால் வந்தது. பத்திரிகை சரிபார்த்து எழுதியது பின்னால் போனது. அந்தப் பரிசோதனை 2018 மார்ச் 1ஆம் திகதிதான் கைவிடப்பட்டது. அம்பாறைக் கடை நொறுக்கப்பட்டு அப்போது மூன்று நாள் ஆகியிருந்தது. திகனைக் கலவரத்துக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட தீக்குச்சி நாட்டில், நம் யாரையும் கேட்காமல், கடல் கடந்து இருந்த ஒரு கம்பனி நம் செய்தியின் வரிசையை மாற்றிப் பார்த்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைப் பற்றி இலங்கையர்கள் முறையிட்டபோது, விதி மீறல் எதுவும் இல்லை என்ற பதில் திரும்பிவந்தது. அந்த மொழியைப் படித்துப் பார்க்கக் கம்பனியிடம் போதிய ஆட்கள் இல்லை. 2020 மே மாதம், ஒரு சுயாதீன ஆய்வறிக்கை வெளிவந்த பிறகு, தன் தளம் இலங்கையில் தவறாகப் பயன்பட்டதற்காகப் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைகளுக்கு அது இரண்டு வருடம் தாமதம்.

திகனை எரிந்த அதே வாரத்தில், 2018 மார்ச் 9ஆம் திகதி, ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எம்ஐடி ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. டுவிட்டரில் சுமார் 126,000 செய்திகள் எப்படிப் பரவின என்று அவர்கள் பார்த்திருந்தார்கள். உண்மையைவிடப் பொய் மறுபடி பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்கு எடுத்த நேரம் பொய்க்கு எடுத்ததைப்போல ஆறு மடங்கு. இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு மாறவில்லை. பொய்யை ஓட்டியது மனிதர்களே. புதுமையும் பயமும் அருவருப்பும் கலந்த செய்தி கையில் வந்தால், நாம் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறோம். அக்கறையோடுதான் கொடுக்கிறோம். ‘பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சேர்த்துத்தான் அனுப்புகிறோம்.

தமிழ்நாட்டில் 2018 மே மாதம் அப்படித்தான் நடந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்குப் பக்கத்தில் அத்திமூர் கிராமத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயதுப் பெண் ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து ஊர் கூடி அடித்துக் கொன்றது. அந்த மாதங்களில் இந்தியா முழுக்கச் சுற்றிய காட்சி ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கவனமாக இருங்கள் என்று அட்டை காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற எடுத்த படமே அப்பாவிகளைக் கொல்லக் காரணமாகியது. அப்புத்தளைக்கும் அத்திமூருக்கும் ஏழு வருட இடைவெளி. இரண்டு இடத்திலும் செத்தது ஊருக்குப் புதிதாக வந்தவர்.

இனி, குருநாகல். 2019 மே 23ஆம் திகதி, ஈஸ்டர் தாக்குதல் நடந்து ஒரு மாதம்தான் கழிந்திருந்தது. ‘திவயின’ பத்திரிகை முதல் பக்கத்தில் ஒரு செய்தி போட்டது: முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்திருக்கிறாராம். மறுநாள் குருநாகல் போதனா வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் கைதானார். ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. ஜூலை மாதம் பிணை கிடைத்தது. சில வருடம் கழித்து நிலுவையாக வந்த சம்பளம் இருபத்தாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாவை, மருந்துத் தட்டுப்பாட்டில் தவித்துக்கொண்டிருந்த நாட்டுக்கு மருந்து வாங்க அவர் கொடுத்துவிட்டார். முதல் கதை போன போன்களுக்கெல்லாம் இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, கதை அச்சுக்கும் போனுக்கும் இடையே போய் வந்துகொண்டிருந்தது என்பது. போனில் முணுமுணுத்தது பத்திரிகையில் ஏறியது. பத்திரிகைப் பக்கத்தின் படம் திரும்பப் போனுக்குள் வந்தது, இந்த முறை ‘பேப்பரிலேயே போட்டிருக்கிறது’ என்ற முத்திரையோடு.

மலடாக்கும் சதி என்று நாடே பேசிய அந்த வருடங்களில், தோட்டத்துப் பெண்களின் கதையை யாரும் பேசவில்லை. 1980 முதல் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசு பணம் கொடுத்தது. சீக்கிரமே அது 500 ரூபா ஆனது. கொழுந்து பறித்துக் கிடைக்கும் நாள் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் அது பெரிய பணம். சத்திரசிகிச்சை என்றால் என்ன, பிறகு மாற்ற முடியுமா, வேறு வழி உண்டா என்று அவர்கள் மொழியில் உட்கார்ந்து விளக்கப்படாமலே பல பெண்கள் கையெழுத்து வைத்தார்கள், கைநாட்டும் வைத்தார்கள் என்பதை மலையகத்தின் பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். ஒளிந்திருந்து யாரும் எந்த மாத்திரையும் போடவில்லை. எல்லாம் பகலில், படிவத்தோடு, ரசீதோடு நடந்தது. அதனால்தான் அது பரவவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு வில்லன் முகம் இல்லை, வெட்டி ஒட்டிய காட்சி இல்லை. இருப்பதெல்லாம் கோப்பு. இந்த மண்ணில் பொய் ஓடுகிறது என்பதைவிட, உண்மை இருந்த இடத்திலேயே கிடக்கிறது என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

மீரியபெத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, ஹல்துமுல்ல பிரதேசத்தில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் சேறாகக் கிடந்தது. புதையுண்டவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை ஒவ்வொரு நாளும் மாறியது. நூற்றுக்கணக்கில் தொடங்கிக் குறைந்துகொண்டே வந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கே ஒரு நிலையான கணக்குச் சொல்ல முடியாத அதிகாரத்தைப் பார்த்து, ‘மறைக்கிறார்கள்’ என்று பேசுவதற்கு ஜனங்களை யாரும் தூண்ட வேண்டியதில்லை. அதைவிடக் கொடுமை, அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. கிறீஸ் பூதம் ஒரே மாதத்தில் ஊவாவிலிருந்து யாழ்ப்பாணம் வரை போன அதே 2011. உயிரைக் காத்திருக்கக்கூடிய எச்சரிக்கையோ மூன்று வருடத்தில் லயத்து ஜனங்களை எழுப்பி வேறிடம் கொண்டுபோய் வைக்கவில்லை.

உமா ஓயாவும் அப்படித்தான். 2008 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி அஹமதிநெஜாத் வந்து தொடக்கிவைத்த நீர்மின் திட்டம். 2014 டிசம்பரில் சுரங்கப்பாதைக்குள் தண்ணீர் பீறிட்டது. பண்டாரவளை, ஹீல்ஓயா, மக்குலெல்ல பகுதிகளில் கிணறுகள் வற்றின, சுவர்கள் வெடித்தன. சுரங்கம்தான் நம் தண்ணீரைக் குடிக்கிறது என்று கிணற்றடியில் நின்றவர்கள் முதல் நாளே சொன்னார்கள். மலைக்கு மேலிருந்து பார்த்தவர்கள் அதை ஏற்றுக்கொள்ள நாளானது. 2017 ஜூனில் பண்டாரவளை நகரே தெருவில் இறங்கியது. கிணற்றடியில் நின்றவர்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது. அப்படி ஒருமுறை சரியாக இருந்தவர்களிடம், அடுத்த முறை ஒரு அதிகாரி வந்து ‘அதெல்லாம் வதந்தி’ என்றால், அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? 2024 ஏப்ரலில் இன்னொரு ஈரான் ஜனாதிபதி, ரைசி, வந்து திட்டத்தைத் திறந்துவைத்தார். வெடித்த சுவர்களின் நினைவு அந்த ஊர்களில் இன்னும் ஆறவில்லை.

சதிக்கதையை நம்புகிறவர்களை அறிவில்லாதவர்கள் என்று சொல்வோர் மலையகத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1948இல் இந்த ஜனங்களின் பிரஜாவுரிமை ஒரு சட்டத்தால் போனது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் டெல்லியில் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த அறைக்குள் ஒரு தோட்டத் தொழிலாளியும் இல்லை. தங்களைப் பற்றிக் கதவடைத்துக்கொண்டு எங்கோ முடிவு செய்கிறார்கள் என்று இந்த மக்கள் நினைப்பது கற்பனையிலிருந்து வந்ததில்லை. பதுளை ரயில் நிலையத்தில் பெட்டி படுக்கையோடு போனவர்களை அழுதுகொண்டு வழியனுப்பிய தலைமுறையின் அனுபவத்திலிருந்து வந்தது. கொரோனா காலத்தில் அரசே ஆதாரமில்லாத பயமொன்றைச் சட்டமாக்கியதையும் அவர்கள் பார்த்தார்கள். புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று சொல்லி, 2020 ஏப்ரல் முதல், கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அது நின்றது. சதிக்கதைக்கு வர்த்தமானியில் இடம் கிடைத்த நாட்கள் அவை.

அந்தக் கொரோனா காலம்தான் லயங்களுக்குள் ஸ்மார்ட்போனைக் கொண்டுவந்து வைத்தது. பாடசாலை மூடிக் கிடந்தபோது பிள்ளையின் படிப்புக்காக நகையை அடகு வைத்தும், கொழும்பில் கடையில் நிற்கும் மகனிடம் சொல்லியும், வெளிநாட்டில் வேலை செய்யும் தாயிடம் கேட்டும் போன் வாங்கினார்கள். சிக்னல் இல்லை. 2021இல் லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் காட்டுக்குள் மரத்தின்மேல் கட்டிய குடிலுக்கு ஏறிப் பாடம் படித்தார்கள். பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் ஆசிரியையோடு மலையுச்சிப் பாறைக்கு நடந்தார்கள். உலகச் செய்தி நிறுவனங்கள் அந்தப் படங்களைப் போட்டன. பாடசாலை திறந்த பிறகு பிள்ளை பாறையிலிருந்து இறங்கிவிட்டது. போன் வீட்டில் இருந்துவிட்டது.

அந்தப் போனில் போடும் ரீலோட்டைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். குறைந்த காசுக்குக் கிடைப்பவை சமூக ஊடகப் பெக்கேஜ்கள். வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் அந்தக் காசுக்குள் ஓடும். அதற்கு வெளியே ஒரு பக்கத்தைத் திறந்தால் டேட்டா தனியே கரையும். வந்த செய்தி உண்மையா என்று பார்ப்பதற்கு வேறொரு தளத்துக்குப் போக வேண்டும், போனால் காசு. தமிழிலும் உண்மை சரிபார்க்கும் தளங்கள் இலங்கைக்கு இருக்கின்றன. ஆனால் பொய் பெக்கேஜுக்குள்ளேயே வருகிறது, திருத்தமோ பெக்கேஜுக்கு வெளியே காத்திருக்கிறது. நாள் சம்பளத்தில் வாழும் வீட்டில் யார் அந்தக் காசைச் செலவழிப்பார்கள்?

வருகிறவற்றில் அதிகம் நம்பப்படுவது குரல்பதிவு. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அதுதான் எல்லோருக்கும் பொது. ஜன்னல் கட்டையில் போனைச் சாய்த்து வைத்து ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும். குரல் நம் ஊர்ப் பேச்சாக இருக்கும். ‘எல்லாருக்கும் வணக்கம், நான் ஆஸ்பத்திரியிலருந்து பேசுறேன்’ என்று தொடங்கும். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லாது. ‘என்னோட சொந்தக்காரர் ஒருத்தர் அங்க வேலை செய்றார், அவர் சொன்னது’ என்று வரும். நாளும் இருக்காது, பெயரும் இருக்காது. கடைசியில் ‘தயவுசெஞ்சு எல்லா குரூப்புக்கும் போடுங்க’ என்று முடியும். மேலே இரட்டை அம்புக்குறி, பலமுறை பகிரப்பட்டது என்று காட்டும். அந்த அம்புக்குறி எச்சரிக்கைக்காக வைத்தது. பலர் அதை, இத்தனை பேர் பகிர்ந்திருக்கிறார்களே, உண்மையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பிரட்டுக் களத்தில் ஒருவர் ஒன்றைச் சொன்னால், சொன்னவர் யார், அவர் இதற்கு முன் என்னென்ன புளுகினார் என்று கேட்பவருக்குத் தெரியும். ‘அவன் பேச்சை விடு’ என்று ஒரு கிழவி சொன்னால் முடிந்தது. குரல்பதிவில் கேட்பவருக்குத் தெரிந்த ஒரே முகம் அனுப்பியவருடையது. அனுப்பியது அக்கா மகள். அக்கா மகளை நம்பலாம். ஆகவே குரலையும் நம்புகிறோம். இணையம் செய்த பெரிய மாற்றம் வேகத்தைவிட இதுதான் என்று நினைக்கிறேன். சொன்னவனைக் கழற்றி எடுத்துவிட்டு, சொந்தத்தின் நம்பிக்கையை மட்டும் பேச்சோடு ஒட்டிவிடுகிறது.

அடக்குவதால் இது தீராது. 2018இலும் 2019இலும் சமூக ஊடகங்களை முடக்கிப் பார்த்தார்கள். விவரம் தெரிந்த இளைஞர்கள் விபிஎன் போட்டு உள்ளே போனார்கள்; வீட்டார் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கத் துடித்த தாய்மார்தான் வெளியே நின்றார்கள். 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க்கூற்றுக்குச் சிறைத்தண்டனை விதிக்கிறது. எது பொய் என்று சொல்லும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஒரு ஆணைக்குழுவிடம் கொடுப்பது, மீரியபெத்தைக் கோப்பை மூடி வைத்திருந்த நிர்வாகத்தின் கையில் இன்னொரு பூட்டைக் கொடுப்பதாகவே எனக்குப் படுகிறது. வட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் பகிர முடியாதபடி செய்ததும், 2020இல் அதிகம் சுற்றியவற்றை ஒருவருக்கு அல்லது ஒரு குரூப்புக்கு மட்டும் என்று குறைத்ததும் ஓரளவு உதவியது. அது வேகத்தைக் குறைக்கும். நம்பத்தக்க தகவல் இல்லாத வெற்றிடத்தை நிரப்பாது.

வெற்றிடம் எங்கே என்பது 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மறுபடி தெரிந்தது. பதுளை மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. அரச எச்சரிக்கைகள் தமிழில் வரவில்லை, வந்தவையும் தாமதமாக வந்தன என்று பலர் குற்றஞ்சாட்டினார்கள். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. கால் நூற்றாண்டுக்குப் பிறகும், மலை சரியும் இரவில் ஒரு தாய்க்குத் தன் மொழியில் கிடைப்பது யாரோ அனுப்பிய குரல்பதிவுதான் என்றால், அந்தக் குரலை நம்பியதற்காக அவளை எப்படிக் குறை சொல்வது?

தோட்டத்துக்குத் தோட்டம் இப்போது பெற்றோர் குரூப், இளைஞர் கழகக் குரூப், கோயில் குரூப் என்று இருக்கின்றன. வதந்தி வரும் அதே வழியில், பிரதேச செயலகத்தின் அனர்த்த உத்தியோகத்தர் தன் பெயரையும் பதவியையும் திகதியையும் சொல்லி, தமிழில் ஒரு நிமிடக் குரல்பதிவு போடலாம். எந்த லயம் இறங்க வேண்டும், எந்தப் பாடசாலைக்குப் போக வேண்டும், எத்தனை மணிக்கு அடுத்த செய்தி வரும் என்று சொன்னால் போதும். தோட்டத்து வைத்திய உதவியாளரும் குடும்பநல உத்தியோகத்தரும் தடுப்பூசியைப் பற்றியும் கருத்தடையைப் பற்றியும் அப்படியே பேசலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். தமிழ் பேசும் ஆட்களை அந்த நாற்காலிகளில் நியமிக்க வேண்டும்.

அதுவரை ஜனங்கள் கையில் ஒரு சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் பிரிவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, எங்கள் லயம் ஆபத்தான இடத்தில் இருக்கிறதா, எந்த வருடம் எச்சரித்தீர்கள், அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று மலைச்சரிவில் குடியிருக்கும் யாரும் கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று பதில் சொல்லியாக வேண்டும்; மறுத்தால் மேன்முறையீட்டுக்கு ஆணைக்குழு இருக்கிறது. தமிழில் எழுதலாம். எழுதத் தெரியாதவர் நேரில் போய் வாயால் சொன்னால், தகவல் உத்தியோகத்தர் அதை எழுதி எடுத்துக்கொள்ள வேண்டும். ஊவாவில் பெரிய மழை ஒக்டோபரில் பிடிக்கிறது. செப்டெம்பருக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால், பதில் வந்ததும் அதைப் படம் பிடித்து குரூப்பில் போட நேரம் இருக்கும்.